வாளையாருக்கு இந்தப் பக்கம்

போன மாதம் ஒரு புதிய சப் இன்ஸ்பெக்டர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். பெயர் அஞ்சனா. பாலக்காடு ஸ்பெஷல் பிராஞ்சில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. நான் ஓய்வு பெற்ற பிரிவு அதுதான். தேநீரைக் கையில் வாங்கியதுமே கேட்டுவிட்டார்.

"சாரே, ஒருத்தன் தீவிரவாதத்துப் பக்கம் போறான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஃபோனுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்க இப்போ மெஷின் இருக்கு. ஆனா எந்த ஃபோனைப் பார்க்கணும்னு மெஷின் சொல்லமாட்டேங்குதே."

வெகுநேரம் பேசினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் போன பிறகுதான், கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, என் பெருமைகளைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்று தோன்றியது. ஆகவே எழுதுகிறேன்.

நான் ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. ஷாகுல் ஹமீது என்று பெயர். பாலக்காட்டிலிருந்து தமிழ்நாட்டு எல்லையான வாளையாருக்குப் போகிற சாலையில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஓதுகிற இடத்தில் அரபு. அத்தாவுக்கு வேலந்தாவளம் சந்தையில் மாட்டு வியாபாரம். போலீஸில் சேர்ந்தபோது, "நமக்கெதுக்குடா அந்தப் பொழப்பு" என்றார். பயிற்சிக் காலத்தில் ஓட்டமும், மலையாள இலக்கணமும், காலை வெயிலும்தான் நினைவில் இருக்கின்றன. பிறகு சில ஸ்டேஷன்கள். தமிழும் தெரிந்து, சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆள் பழக்கமும் இருந்ததால் ஸ்பெஷல் பிராஞ்சுக்கு எடுத்துக்கொண்டார்கள். சீருடை இல்லாத வேலை. பார்ப்பது, கேட்பது, அறிக்கை எழுதுவது.

எங்கள் ஊர் முஸ்லிம்களின் மார்க்கம் அமைதியானது. தர்காவில் ஆண்டுதோறும் சந்தனக்கூடு நடக்கும். மேளம் அடிப்பவர்கள் இந்துக்கள், சோறாக்குவது எங்கள் பெண்கள், சாப்பிடுவது ஊரே. எல்லாம் பொன்னாக இருந்தது என்று சொல்லமாட்டேன். பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொன்னால் எங்கள் பெரியவர்கள் காது கேட்காதவர்களாகிவிடுவார்கள். ஜமாஅத் பதவிக்கு அடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒருவரைப் பார்த்து ஒருவர், "நீ முஸ்லிமே இல்லை" என்று சொன்னதில்லை.

அந்த வார்த்தை எங்கள் பள்ளிவாசலுக்குள் வந்ததை நான் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், எங்கள் இமாம் கனி ஹஸரத் சந்தனக்கூட்டுக்கு நாள் குறித்ததைச் சொன்னார். ஓர் இளைஞன் எழுந்து, "அது அல்லாவுக்கு இணைவைக்கறதுங்க" என்றான். இதில் புதிதாக ஒன்றும் இல்லை. தர்கா வேண்டாம் என்பவர்கள் வெகுகாலமாகவே இருக்கிறார்கள். என் கூடப்பிறந்த தம்பியே தர்கா வாசலை மிதிக்கமாட்டான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. புதிதாக இருந்தது அந்த இளைஞன் அடுத்து சொன்னதுதான்.

"சந்தனக்கூட்டுக்குப் போறவங்க முஸ்லிம் கிடையாது. அவங்க பின்னால நின்னு தொழக்கூடாது. அவங்க செத்தா மையத்துக்கும் போகக்கூடாது."

ஹஸரத் சற்று நேரம் அவனையே பார்த்தார். பிறகு, "என் மையத்துக்கு வராட்டிப் போவுது தம்பி. இப்ப வெளிய நல்ல வெயிலு. ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவனோடு ஐந்தாறு பேர் எழுந்து வெளியேறினார்கள். கடைசியாகப் போன பையன் வாசலில் நின்று ஹஸரத்தைத் திரும்பிப் பார்த்தான். அவன் பெயர் ரியாஸ். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் மும்தாஜின் ஒரே மகன். அத்தா இல்லாதவன். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர்.

இவர்களைக் கெடுத்தது யார் என்று ஊரில் ஆள் தேடினார்கள். ஊரில் யாருமில்லை. எங்கிருந்தோ ஒரு குரல் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தது. நம் நாட்டிலும் வெளிநாட்டிலும் முஸ்லிம்கள் அடிபடும் வீடியோக்களை அனுப்பியது. அவற்றில் பல பொய். சில உண்மை. அந்தச் சிலதான் பையன்களை உலுக்கின. உண்மையான ஒரு காயத்தைக் காட்டிவிட்டு, அதற்கு மருந்தென்று விஷத்தைக் கையில் கொடுப்பதுதான் அந்தக் குரலின் வேலை.

இந்த நேரத்தில்தான் எனக்கு மேலதிகாரியாக சேவியர் சார் வந்தார். டி.ஒய்.எஸ்.பி. உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஒல்லியான ஆள். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அலுவலகக் காரியங்களை மலையாளத்தில் பேசுவார். ஒரு விஷயம் மனதைத் தொட்டுவிட்டால் தெற்கத்தித் தமிழுக்கு வந்துவிடுவார்.

அறிக்கையை அவர் கையில் வாங்கமாட்டார். எழுதியவனே ஜன்னலோரம் நின்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். பார்த்தது ஒரு பத்தி, கேட்டது ஒரு பத்தி, நினைத்தது கடைசிப் பத்தி. ஒன்றில் இன்னொன்று கலந்திருந்தால் கையைத் தூக்குவார். நிறுத்த வேண்டும். நான் முதன்முதலாக அவர் முன்னால் படித்தபோது, ஒரு கடைக்காரரைப் பற்றி "தீவிர எண்ணம் உடையவர்" என்று எழுதியிருந்தேன். கை மேலே போனது.

"அந்தாளு என்ன செஞ்சாரு?"

"தாடி வச்சிருக்கார் சார். சினிமா பார்க்கறதை நிறுத்திட்டார். மகளைப் பர்தா போடச் சொல்றார்."

"எங்க அம்மை வெள்ளிக்கிழமை கறி திங்க மாட்டா, சினிமாவே பாத்தது கெடையாது, எங்க அக்காவ முக்காடு இல்லாம கோயிலுக்கு விடமாட்டா. அவளையும் எழுதிக்கிடுவோமா?" பிறகு தணிந்த குரலில், "எனக்குப் பட்டப்பேரு வேண்டாம் ஹமீது. அவன் அடுத்தவனுக்கு என்ன செஞ்சான், என்ன செய்யப்போறேன்னு சொன்னான், அத மட்டும் சொல்லுப்பா. ஒரு சாதுவ நாம சந்தேகப்பட்டா, அவன் மகன் நம்மகிட்ட வாயத் தொறக்கவே மாட்டான்" என்றார்.

அதுவரை என் வேலையில் எனக்கு ஒரு கூச்சம் இருந்துகொண்டே இருந்தது. ஸ்டேஷனில் சிலர் விளையாட்டாக "உங்க ஆளுங்க" என்பார்கள். தெருவில் சிலர் நான் வந்தால் பேச்சை மாற்றுவார்கள். இரண்டு பக்கத்துக்கும் நான் முழுசாகச் சொந்தமில்லை. அந்த ஜன்னலோரத்தில் நின்ற அன்றுதான் இந்த வேலையை நாணயமாகச் செய்ய ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்தது. அதற்காக அவருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சில மாதங்கள் கழித்து, வேலந்தாவளம் சந்தையில் மாட்டுக் கூட்டத்துக்கு நடுவில் மும்தாஜ் என் முன்னால் வந்து நின்றது; சொந்தமாக நினைக்கும் பெண்களை 'வந்தது, போனது' என்று சொல்வது எங்கள் ஊர் வழக்கம். ஸ்டேஷனுக்கு வந்தால் ஊர் பார்க்கும் என்று என்னைத் தேடி அங்கே வந்திருக்கிறது. கையில் சும்மா ஒரு கொத்தமல்லிக் கட்டு.

"அண்ணா, ரியாசு என்னையக் காஃபிருன்னு சொல்லிப்போட்டானுங்க."

பெற்றவளைப் பார்த்து, நீ முஸ்லிம் இல்லை, மறுப்பவள் என்கிறான். மும்தாஜ் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு கையில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது, அதற்காக. பக்கத்து வீட்டுச் சாந்தியக்கா கையால் சாப்பிட்டு வளர்ந்தவன், இப்போது அந்த வீட்டுச் சோற்றைத் தொடுவதில்லை. அம்மா சமைத்ததையும் சில நாட்களாகத் தொடுவதில்லை.

"ராத்திரியும் பகலும் ஃபோன்ல ஆருகிட்டயோ பேசறான். வேற தேசத்துக்குப் போறேங்கறான். அங்கதான் சரியான ஆட்சி நடக்குதாமா. எனக்கு வேற ஆளில்லீங்கண்ணா."

நான் மெதுவாகக் கேட்டேன். "அம்மணி, நான் போலீஸ்காரன். தெரிஞ்சுதான சொல்ற?"

"தெரியுமுங்க. அவனைப் புடிச்சுக் குடுக்க நான் வரலீங்க. புடிச்சு வெச்சுக்க வந்திருக்கறேன்."

மறுநாள் ஜன்னலோரம் நின்று இதைப் படித்தேன். மும்தாஜின் பெயர் அறிக்கையில் இல்லை. சேவியர் சார் கையைத் தூக்கவில்லை. முடித்த பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெத்தவள இப்படிச் சொல்லிட்டான்னா, அவன் பாதி தூரம் போயிட்டாம்ப்பா. மீதிப் பாதிலதான் நமக்கு வேலை" என்றார்.

வேலை எங்களைத் தேடியே வந்தது. ரியாஸ் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தான். விசாரணை எங்கள் பிரிவு வழியாகத்தான் போக வேண்டும். வழக்கப்படி வீட்டுக்குப் போனேன். முகவரி, படிப்பு, வழக்கு ஏதும் உண்டா என்ற கேள்விகளைக் கேட்டேன். மரியாதையாகப் பதில் சொன்னான். கிளம்பும்போது கேட்டேன்.

"எங்க போறதா இருக்கற, தம்பி?"

"துபாய்க்குங்க, மாமு. வேலைக்கு."

"நல்லது. துஆ செய்யறேன்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "உங்க துஆ அல்லாகிட்ட ஏறாதுங்க மாமு. அல்லாவோட சட்டத்தை விட்டுப்போட்டு இந்த கவருமெண்டுக்கு வேலை செய்யறீங்க. உங்க தொழுகையும் ஏறாது. வருத்தப்படாதீங்க, ஹக்கைத்தான், உண்மையைத்தான் சொல்றேன்."

நான் வருத்தப்பட்டேன். ஐந்து வேளை தொழுகிறவன் நான். அதைவிட வருத்தம், அந்தப் பையனின் குரலில் வெறுப்பே இல்லாதது. என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னான்.

பாஸ்போர்ட்டை நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னேன். சேவியர் சார் ஒப்புக்கொள்ளவில்லை.

"என்ன காரணம் எழுதுவ? குத்தம் செய்யாதவனுக்கு நிறுத்துனா, இந்த நாட்டுல உனக்கு நீதி கெடைக்காதுன்னு அந்த ஃபோன்ல பேசுறவன் சொன்னான் பாரு, அத நாமளே நிரூபிச்சுக் குடுத்த மாதிரி ஆயிரும்."

"போயிட்டான்னா சார்?"

"போகவிடக் கூடாது. அதுக்கு வேற வழி தேடணும்." அவர் முகத்தில் பயம் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். பையன் போய்விட்டால் கேள்வி அவரைத்தான் கேட்பார்கள். ஆளை உடனே தூக்கி ஏதாவது வழக்குப் போடும்படி மேலிருந்து ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். பாஸ்போர்ட்டும் ரியாஸ் கைக்கு வந்துவிட்டது.

மும்தாஜை அவர் ஒரு முறை பார்த்தார். என் வீட்டில், என் மனைவியும் உடனிருந்தாள். "அம்மா, அவன் கெளம்புறப்ப எங்களுக்கு மொதல்ல தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். என்னன்னு தெரியாட்டியும் பரவால்ல, மனசுக்கு ஒரு மாதிரி இருந்தா உடனே ஹமீதுக்கு ஃபோன் போடுங்க" என்றார். அது தலையாட்டியது. பிறகு, "அவனை அடிப்பீங்களாங்க?" என்று கேட்டது. "மாட்டேம்மா" என்றார். அவ்வளவுதான். அதை மும்தாஜ் நம்பியது.

ஃபோன் ஒரு காலை நேரத்தில் வந்தது. "அண்ணா, இண்டர்வியூக்கு எர்ணாகுளம் போறேன்னுட்டு இப்பத்தான் போறானுங்க. போகறப்ப என்னையக் கட்டிப்புடிச்சானுங்க." அழுகை இல்லை. "மாசக்கணக்கா என்னையத் தொடாதவன்."

எர்ணாகுளம் மேற்கே. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலிருந்த பழக்கடைக்காரரிடம் கேட்டதில், ரியாஸ் கிழக்கே கோயம்புத்தூர் போகிற பேருந்தில் ஏறியிருந்தான். கோவையிலிருந்து வளைகுடாவுக்கு விமானம் உண்டு. வாளையாரைத் தாண்டிவிட்டால் வேறு மாநிலம், வேறு போலீஸ், வேறு அதிகாரிகள். அவனைத் தெரியாத கைகளுக்குப் போய்விடுவான். அல்லது யார் கைக்கும் சிக்காமல் போய்விடுவான்.

சேவியர் சார் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். மும்தாஜ் வாசலிலேயே நின்றிருந்தது, தோளில் ஒரு துணிப்பையோடு. நான் பின்னால் ஏறினேன். வாளையாருக்கு முன்னால் ஒரு சிமெண்ட் லாரி அச்சு முறிந்து நடுச்சாலையில் நின்றுவிட்டிருந்தது. அதன் பின்னால் லாரிகள் கண்ணுக்கெட்டிய வரை. அந்த லாரிக்காரருக்கு அன்று எத்தனை வசவு விழுந்திருக்கும்! நான் அல்லாவுக்கு நன்றி சொன்னேன். பேருந்து அந்த வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தது.

ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு சார் சொன்னார். "அவன் மேல கை வைக்க நம்மகிட்ட இந்த நிமிஷம் வரைக்கும் சட்டம் இல்ல ஹமீது. இந்தம்மாவுக்கு உரிமை இருக்கு. அவங்க ஏறட்டும். நீ பின் சீட்டுல உக்காரு. வாயத் தொறக்காத."

ஏறினோம். ரியாஸ் ஜன்னலோரம் இருந்தான். பக்கத்து இருக்கை காலி. மும்தாஜ் போய் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டது.

"நீ எங்கம்மா வர்ற?"

"நீ போற ஊருக்குத்தான் கண்ணு."

"நான் எர்ணாகுளம்..."

"எர்ணாகுளம் அக்கட்டால இருக்குது. நான் படிக்காதவதான். பஸ்ஸு போர்டு படிக்கத் தெரியும்."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். மும்தாஜ் என்னைப் பற்றியே நினைவில்லாததுபோல் பேசியது. தையல் கடையில் அளவு கேட்கிற அதே குரல்.

"துணி எடுத்துட்டு வந்துட்டேன். பிரசர் மாத்திரையும் எடுத்துட்டேன். எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணுதான், அதைச் சொல்லு. நீ என்னையக் காஃபிருன்னு சொன்னீல்ல?"

"ம்மா, இங்க வேண்டாம்."

"நீ போற ஊர்ல காஃபிரை என்ன பண்ணுவாங்க?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஃபோன்ல காட்டியிருப்பாங்கல்ல. பாத்திருப்பீல்ல. எனக்கு அதை நீயே பண்ணுவியா, இல்ல வேற ஆளை உட்டுப் பண்ணுவியா? வேற ஆளுன்னா எனக்குப் பயமா இருக்குது கண்ணு. நீயே பண்ணிரு."

முன்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. ரியாஸ் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். மும்தாஜ் அவனைத் தொடவில்லை. தேற்றவும் இல்லை. பதிலுக்காகக் காத்திருந்தது. அந்தப் பெண்ணின் மனவலிமையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

நடத்துநர் வந்து, "ரெண்டு பேருக்கா?" என்று மலையாளத்தில் கேட்டார்.

ரியாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "இல்லீங்க. எறங்கிக்கறோம்."

அவனை நாங்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகவில்லை. மும்தாஜின் வீட்டுக்கே போனோம். சேவியர் சார் தையல் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவன் தரையில். கேள்விகள் கேட்டோம். பதில் இல்லை. மும்தாஜ் சோறு போட்டது, அவனுக்கும் எங்களுக்கும். அவன் தட்டைத் தொடவில்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் எழுந்து தொழுதான். நானும் அவன் பக்கத்தில் நின்றேன். என் தொழுகை ஏறாதென்றவன் விலகி நிற்கவில்லை. சலாம் கொடுத்து முடித்த பிறகு, தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"இம்ரான்னு ஒருத்தன், மாமு. தமிழ்நாட்டுப் பக்கம். ஏர்போர்ட்டுல எனக்காக நிக்கறேன்னான்."

சேவியர் சார் ஃபோனோடு வெளியே ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எல்லைக்கு அந்தப் பக்கத்து அதிகாரிகள் உடனே நடவடிக்கை எடுத்தார்கள். ஆனால் விமானம் போயிருந்தது. ரியாஸுக்காகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இம்ரான் மட்டும் ஏறிப் போய்விட்டான்.

அடுத்து வந்த மாதங்கள் எளிதானவை அல்ல. மத்திய அரசின் அதிகாரிகள் வந்து பல நாள் விசாரித்தார்கள். சேவியர் சார் ஒவ்வொரு முறையும் அறைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வேறு வேலை இல்லையா என்று ஒருவர் கேட்டதற்கு, "அந்தப் பையனோட அம்மாகிட்ட ஒரு வாக்குக் குடுத்திருக்கேன் சார்" என்றார். ரியாஸ் சொன்னதை வைத்து, கிளம்பவிருந்த வேறு இரண்டு பையன்களின் வீடுகளுக்கு நேரத்தோடு போய்ச் சேர முடிந்தது. வழக்குப் பதிய வேண்டுமா என்ற கேள்விக்கு சார் எழுதிய குறிப்பு சிறியது. அவன் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் மட்டும் எழுதியிருந்தார். மேலிடம் அதை ஏற்றுக்கொண்டது. அதற்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் பேருந்திலிருந்து இறங்கிவிட்டதால் மனசிலிருந்தும் எல்லாம் இறங்கிவிடாது. அவன் அம்மாவின் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தான். வேறு எதுவும் மாறவில்லை. அவனோடு யார் பேசுவது? நான் கனி ஹஸரத்திடம் போனேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"நான் பேசினா பிரயோசனமில்ல ஹமீது. அவன் கண்ணுக்கு நான் தர்காவுல கபுரை, சமாதியைக் கும்புடறவன். நீங்க நூருல் அமீன் மவுலவிகிட்டக் கூட்டிட்டுப் போங்க."

எனக்கு ஆச்சரியம். நூருல் அமீன் மவுலவி அடுத்த தெருப் பள்ளிவாசலைச் சேர்ந்தவர். தர்காவை எதிர்த்து ஊர் ஊராகப் பேசுகிறவர். ஹஸரத்தைப் பெயர் சொல்லியே கண்டித்திருக்கிறார். இருவரும் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

"அவருக்கும் உங்களுக்கும்..."

"எங்க சண்டை எங்களோட இருக்கட்டும். அவரு சொன்னா பையன் கேப்பான். வாங்க, நானும் வர்றேன்."

அந்த வயதில், அந்த வெயிலில், குடையைப் பிடித்துக்கொண்டு தன்னைத் திட்டியவர் வாசலில் போய் நின்றார். முதலில் சலாம் சொன்னதும் அவர்தான். மவுலவி ஒரு கணம் திகைத்தார். பிறகு அவசரமாக எழுந்து வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

மவுலவியும் ரியாஸும் முதலில் பேசிக்கொண்டபோது நான் அங்கே இருந்தேன். மவுலவி கண்டிப்பானவர். குரலும் அப்படித்தான்.

"தர்கா தப்பு. நானும் அதைத்தான் சொல்றேன். இருபது வருசமா மைக்குல சொல்றேன். ஆனா உங்கம்மா முஸ்லிமில்லன்னு தீர்ப்புச் சொல்ல உனக்கு ஆரப்பா அதிகாரம் குடுத்தது?"

"நபி சொன்ன ஹதீஸ் இருக்குதுங்களே..."

"எதைச் சொல்ற? எடு கிதாபை. முன்னாலயும் பின்னாலயும் சேத்துப் படி."

இப்படியே மாதக்கணக்கில் நடந்தது. வாரம் ஒரு நாள் ரியாஸ் போவான். ஃபோனில் அவனுக்குத் துண்டு துண்டாக வந்ததையெல்லாம் மவுலவி முழுசாகப் படிக்க வைத்தார். ஒரு தடவை என்னிடம், "ஹமீது பாய், இவனுக்குச் சொல்லச் சொல்லத்தான், நானும் மேடையில சில வார்த்தைகளை யோசிக்காமப் பேசியிருக்கேன்னு தெரியுது" என்றார். அதற்குப் பிறகு அவர் ஹஸரத்தைப் பெயர் சொல்லிப் பேசி நான் கேட்டதில்லை. தர்காவை எதிர்ப்பதை விடவில்லை. விடவும் வேண்டாம்.

ரியாஸும் அப்படித்தான். எங்களைப்போல் ஆகிவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். தாடி இருக்கிறது. தர்காவுக்கு வரமாட்டான். கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டால் எழுந்து போய்விடுவான். அது அவன் மார்க்கம். ஆனால் சாந்தியக்கா வீட்டில் மறுபடி சாப்பிட்டான். எனக்கு எதிரில் வந்தால் சலாம் சொன்னான். ஒரு நாள், "மாமு, அன்னிக்கு உங்க துஆவைப் பத்திச் சொன்னது என் வேலையில்லீங்க. அது அல்லா வேலை" என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது.

இம்ரான் இறந்துவிட்டான். ஏதோ ஒரு மலைப்பிரதேசத்தில், யாருக்கோ எதிராக நடந்த சண்டையில். செய்தி அவன் அம்மாவுக்கு ஃபோனில் ஒரு வரியாக வந்தது. உடல் இல்லை, அடக்கம் இல்லை. அவர்கள் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம். அந்த அம்மாவுக்குக் கதீஜா என்று பெயர். போலீஸுக்குப் பயந்து அந்தத் தெருவில் யாரும் துக்கம் கேட்கக்கூடப் போகவில்லை என்று கேள்விப்பட்டோம். மும்தாஜ், "நான் போகணுமுங்கண்ணா" என்றது. நான் சேவியர் சாரைப் பார்த்தேன். "போயிட்டு வாங்க. துக்கம் கேக்குறதுக்கு எவன் தடை போடுவான்?" என்றார். மும்தாஜ் போய் மூன்று நாள் அந்த வீட்டில் இருந்து சமைத்துப் போட்டது.

ரியாஸ் அப்போது போகவில்லை. அந்த வாசலை மிதிக்க அவனுக்குத் துணிவு வரவில்லை. அன்று மும்தாஜ் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அஸர்வரை வாய் திறக்காமல் இருந்தான் அல்லவா, அந்த நேரத்தை அவன் சுமந்துகொண்டிருந்தான். கொஞ்சம் முன்னால் சொல்லியிருந்தால் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். நான் சமாதானம் சொல்லவில்லை. சொல்வதற்கு எதுவும் இல்லை. பிறகு ஒரு நாள் தானாகவே போனான். அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். என்ன பதில் வந்தது என்று இருவருமே யாரிடமும் சொல்லவில்லை.

சேவியர் சார் ஓய்வு பெற்று உடும்பஞ்சோலைக்கே போய்விட்டார். கிறிஸ்துமஸுக்கு நான் கூப்பிடுவேன், பெருநாளுக்கு அவர் கூப்பிடுவார். ஹஸரத் காலமானபோது மையத்துத் தொழுகையில் முன்வரிசையில் நின்றவர் நூருல் அமீன் மவுலவி.

அஞ்சனா, நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். எந்த ஃபோனைப் பார்க்க வேண்டும் என்பது ஒரு தாய்க்கோ, பக்கத்து வீட்டுக்காரிக்கோ, ஒரு பள்ளிவாசல் இமாமுக்கோ முதலில் தெரியும். அதை உங்களிடம் வந்து சொல்லலாம் என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும். அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்ளுங்கள். இரண்டு மாநிலத்து ஃபோன் எண்களையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கதீஜா அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு போனது அதுவே முதல் முறை. வெள்ளை அடித்த சிறிய வீடு. நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தது. பிறகு கேட்டது.

"என்ற பையன் இம்ரான் பேரு உங்குளுக்குக் கெடச்சப்ப, பிளேன் ஏறிட்டானுங்களா?"

"ஏறிட்டானுங்கம்மா."

"கொஞ்சம் முன்னால தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பீங்களா?"

"நிறுத்தியிருப்போம்."

"அடிச்சிருப்பீங்களா?"

"இல்லம்மா. எங்க அதிகாரி விட்டிருக்கமாட்டார்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "அதைக் கேக்கோணும்னுதான் இருந்தேன்" என்றது.

அந்த நேரத்தில் ரியாஸ் உள்ளே வந்தான், கையில் மருந்துப் பையோடு. மாதம் ஒரு முறை வருகிறான் என்று எனக்குத் தெரியாது. அவனைப் பார்த்ததும் கதீஜா அம்மாவின் குரல் மாறிவிட்டது.

"வந்துட்டாரு. வந்தா என்ற கூடச் சண்டைதானுங்க. இம்ரான் ஃபோட்டோவைப் பெருசு பண்ணிட்டு வந்தேன். செவுத்துல ஃபோட்டோ மாட்டக்கூடாது, மார்க்கத்துல இல்லைங்கறான். நான் மாட்டுவேன்னேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிட்டான்."

நான் சுவரைப் பார்த்தேன். ஜன்னலுக்குப் பக்கத்தில், மீசை அரும்பிய ஒரு பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம் ஆணி அடிச்சது ஆருன்னு கேளுங்க" என்றது அம்மா.

ரியாஸ் மருந்துப் பையை மேசையில் வைத்துவிட்டுப் போய், லேசாகச் சாய்ந்திருந்த படத்தை நேராக்கினான்.